ஆளுக்கு முக்கால் சதுர மீட்டர்

லாப்பேன்ராந்தா. நவம்பர்.
மூன்றரை மணிக்கே விளக்கேற்றிவிட்டது ஏரிக்கரை.
ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில்
எஃகுக் கதவின் ரப்பர் விளிம்பைக்
கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்.
காய்ந்துபோகவில்லை. வெடிப்பில்லை.
இதுதான் என் வேலை:
மூடவே நேரக்கூடாத கதவுகள்
மூடுமா என்று பார்ப்பது.

பயிற்சி வகுப்பில் இதற்கொரு பெயர் சொன்னார்கள்:
தடுப்பாற்றல்.
எதிரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு
வராமலே இருந்துவிடுவது.
அவன் வராதது நம்மால்தானா என்று
எந்தக் காலத்திலும் நிரூபிக்க முடியாது.
பத்தொன்பது வருடமாகச் சம்பளம் வருகிறது.

உள்ளே மிதிவண்டிகள், பனிச்சறுக்குக் கட்டைகள்,
விவாகரத்தில் யாரோ விட்டுப்போன பியானோ.
எழுபத்திரண்டு மணி நேரத்தில் அத்தனையும் அகற்றி,
காற்றுச் சல்லடை பொருத்தி, கழிப்பிடத்துக்குத் திரை கட்டி,
நூற்று முப்பத்துநான்கு பேருக்கு அறை தயாராக வேண்டும்.
ஆளுக்கு முக்கால் சதுர மீட்டர். சட்டம்.
பியானோவைப் பற்றிச் சட்டம் பேசவில்லை.

"சுவரோரம் தள்ளிவிடலாம்" என்கிறார் பொறுப்பாளர் வெய்யோ.
"இரண்டு பேர் இடம் போகும்."
"மேலே நான்கு குழந்தைகள் உட்காரலாமே."
குறித்துக்கொள்கிறேன்.

வெகுகாலம் எங்களை மதில்மேல் பூனை என்றார்கள்.
சொன்னவர்கள் மதிலில் ஏறியதில்லை.
பூனைக்குத்தான் தெரியும்
இரு பக்கமும் எவ்வளவு ஆழமென்று.
எங்கள் தாள்களில் அதற்குப் பெயர் நடுநிலை.
நடுவில் நிற்பதற்கும்
உடம்பெல்லாம் விறைக்க வேண்டியிருந்தது.

இப்போது குதித்துவிட்டோம்.
குதித்த பக்கம் ஆட்கள் நிறைய, கொடிகள் நிறைய.
ஒருவர்மீது விழும் அடி
எல்லார்மீதும் விழுந்ததாகக் கொள்ளப்படும்.
கொள்ளப்படும்.
யாரால் என்று சொல்லாத அந்த வினைச்சொல்லை
தூக்கம் வராத இரவுகளில்
கதவின் நெம்புகோலைப்போல
இறக்கி ஏற்றிப் பார்ப்பதுண்டு.
பிடிக்கும் என்றுதான் தோன்றுகிறது.

துவைத்த துணிக்கூடையோடு வந்து நிற்கிறாள்
மூன்றாம் மாடி ரிம்மா அகாஃபோனோவா.
மருத்துவமனையில் இரவு வேலை.
"இந்தக் கணக்கில் நானும் உண்டா?"
"பதிவேட்டில் இருக்கிற எல்லாரும்."
"விருந்தாளிகள்?"

போர்ப்பயிற்சித் தாளில் எதிரிக்குப் பெயர் வைப்பதில்லை.
மஞ்சள் நாடு என்போம்.
மஞ்சள் நாடு எப்போதும் கிழக்கிலிருந்தே வரும்.
கிழக்கே, ஒரு மணி நேரப் பயணத்தில், வீபோர்க்கில்
இருக்கிறாள் ரிம்மாவின் அம்மா.
முன்பெல்லாம் ஞாயிறுதோறும்
சூடு ஆறாத சூப்போடு வந்திறங்குவாள்.
எல்லை மூடியபின் இஸ்தான்புல் சுற்றித்தான் வரவேண்டும்;
முழங்கால் ஒப்பவில்லை.

"அவள் வீட்டுக்குக் கீழேயும் இப்படி ஒரு கதவு உண்டு.
உள்ளே உருளைக்கிழங்கு."
"ரப்பர் எப்படி இருக்கிறது?"
கேட்டபிறகுதான் உறைத்தது. தொழில் புத்தி.
ரிம்மா சிரித்துவிட்டாள்.
"நீங்களே போய் அழுத்திப் பார்த்துச் சொல்லுங்களேன்."

காற்றழுத்தச் சோதனைக்குக் கதவை மூட வேண்டும்.
வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டேன்,
அல்லது சொல்லவில்லை.
வெய்யோ, நான், ரிம்மா, அவள் கூடை.
மானியின் முள் மெல்ல ஏறி நின்றது.
வெளியே ஊர் இருந்ததற்கு
எந்தச் சான்றும் இல்லை.

ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.
மூன்றாவது நிமிடத்தில் ரிம்மா
பியானோவின் மூடியைத் தூக்கி ஒரு கட்டையை அழுத்தினாள்.
ஒலிக்கவில்லை.
அடுத்ததை அழுத்தினாள்.
சுதி இறங்கிய ஒற்றை ஒலி
நாற்பது சென்டிமீட்டர் கான்கிரீட்டில் முட்டித்
திரும்பி எங்களிடமே வந்தது.
முள் அசையவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
கதவு நன்று. சல்லடை நன்று.
கொள்ளளவு நூற்று முப்பத்துநான்கு.
சற்று யோசித்து, பென்சிலால், ஓரத்தில்:
முப்பத்தைந்தும் கொள்ளும்.